பாஷைக்கு அர்த்தம்

வருஷக்கணக்காகக் கமலநாதன் தன் மனைவிக்காகக் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். பெரிய வீடு கேட்கவில்லை, புதுக் கார் கேட்கவில்லை. புஷ்பவல்லிக்கு அந்நிய பாஷை வரவேண்டும். பரிசுத்த ஆவி ஒருவரை நிரப்பினால் அவருக்கே புரியாத ஒரு மொழி வாயிலிருந்து பொங்கி வரும் என்பது அவருடைய சபையின் நம்பிக்கை. கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் கூடும் சின்னச் சபை அது. போன மாதம் ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குக்கூட அங்கே பாஷை வந்துவிட்டது. சபை மூப்பரான அவருடைய சம்சாரத்துக்கு மட்டும் வரவில்லை.

யாரும் நேரில் குத்திக் காட்டியதில்லை. "சிஸ்டருக்காக ஜெபிக்கிறோம் பிரதர்" என்பார்கள், அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் இரக்கத்தைப் பார்த்தால் கமலநாதனுக்கு உடம்பு கூசும்.

இது போதாதென்று, இரண்டு வருஷமாகப் புஷ்பவல்லி மௌன ஜெபம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஆனால் கம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலேறித் தலைநகரில் உள்ள பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு பழைய தேவாலயத்தின் பின்னறையில் பத்துப் பேர் வட்டமாக உட்காருவார்களாம். பாட்டு கிடையாது, கைத்தட்டல் கிடையாது, மைக் கிடையாது. வேதத்தில் நாலே வரியை மெதுவாக வாசித்து, மறுபடியும் வாசித்து, எந்தச் சொல் மனதில் ஒட்டுகிறதோ அதோடு நின்றுவிடுவார்களாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெறும் மௌனம். மூச்சை இழுக்கும்போது உள்ளுக்குள் 'இயேசுவே', விடும்போது 'இரங்கும்'. நினைப்பு வந்தால் வரட்டும், அதன் பின்னால் ஓடவேண்டியதில்லை. ஒருநாள் அவளைக் கூட்டி வரப் போன கமலநாதன் முன்னதாகவே போய் அந்தப் பின்னறையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறவர்கள்கூட இதைவிடச் சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்று தோன்றியது.

"இது என்னா ஜெபம் லா? தூங்கறதுக்கு இவ்ளோ தூரம் டிக்கெட் எடுத்துப் போவணுமா?" என்று அன்றே கேட்டுவிட்டார்.

"தூங்கலீங்க. காத்திருக்கேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரிஞ்சா அது காத்திருக்கறதா? அது ஆர்டர் பண்ணிட்டு உக்காந்திருக்கறது."

கமலநாதனுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கிறவளுக்குப் பாஷை எப்படி வரும்? திறந்த பாத்திரத்தில்தானே ஊற்ற முடியும்? இவள் மூடி போட்டு வைத்திருக்கிறாள்.

வீட்டிலும் அதே கதைதான். விடிந்ததும் ஹாலில் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். ராத்திரி தட்டுக் கழுவும்போது அன்றைய பொழுதைத் திருப்பிப் பார்ப்பாள். எந்த இடத்தில் கர்த்தர் பக்கத்தில் நின்றார், எந்த இடத்தில் அவரைக் கவனிக்காமல் தாண்டிப் போனோம் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாளாம். சில நாள் அந்தக் கேள்வி கணவன் பக்கமும் திரும்பும்.

"இன்னிக்கி நான் உங்ககிட்ட என்னா சொன்னேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

"கொழம்புல உப்பு கம்மின்னு சொன்ன."

"அது நீங்க சொன்னது."

இருவரும் சிரித்துவிடுவார்கள். சண்டை போடும் தம்பதி இல்லை அவர்கள். ஒருவர் ஓயாமல் பேசுவார், இன்னொருவர் பேசமாட்டார். குடும்பம் அப்படியே ஓடிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கமலநாதன் குளியலறையில் முகம் வழித்துக்கொண்டிருந்தார். அன்று சபையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தை நடத்தும் பொறுப்பு அவருடையது. என்ன பேசலாம் என்று உரக்கவே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து ஒரு குரல் கேட்டது. குரல் புஷ்பவல்லியுடையது. ஆனால் அது தமிழ் இல்லை, மலாய் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

"காபிலீகா... காபி... லீகா... லீ..."

பாதி முகத்தில் நுரையோடு ஓடி வந்தார். பிரம்பு நாற்காலியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் குரல் இன்னும் உயர்ந்தது. "காபிலீகா! காபிலீகா!"

கமலநாதன் அப்படியே முழங்காலில் விழுந்தார். "அல்லேலூயா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இத்தனை வருஷ விண்ணப்பம், இத்தனை உபவாசம், இத்தனை பேர் முன்னால் பட்ட கூச்சம், எல்லாம் ஒரே நொடியில் கரைந்துபோயின. இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு குழந்தைபோல் அழுதார். பிறகு பாட ஆரம்பித்தார். புஷ்பவல்லி விடாமல் பேசப் பேச, அவரும் விடாமல் பாடினார்.

நடுவில் அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். ஒரு பக்கமாகச் சரிந்தாள். கமலநாதன் பதறவில்லை. சபையில் இது சகஜம். ஆவியின் வல்லமை இறங்கினால் ஆட்கள் தரையில் விழுவார்கள். விழுகிறவரைத் தாங்கி மெதுவாகப் படுக்க வைத்து, பெண்ணாக இருந்தால் காலை ஒரு துணியால் மூடிவிட்டு, விலகி நிற்கவேண்டும். அதற்குமேல் தொடக்கூடாது. தேவன் வேலை செய்யும்போது மனுஷன் கை குறுக்கே போகக்கூடாது என்பது சபையில் எழுதாத சட்டம். கமலநாதன் சட்டப்படி எல்லாம் செய்தார். சோபாவிலிருந்து தலையணை எடுத்துத் தலைக்கு வைத்தார், துண்டை விரித்துக் காலை மூடினார், மூன்றடி தள்ளி நின்று மறுபடியும் கைகளைத் தூக்கினார். அவள் தரையில் கிடந்தபடி அவரையே பார்த்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் போன் ஞாபகம் வந்தது. அவள் குரலைப் பதிவு செய்து சபையின் வாட்ஸாப் க்ரூப்பில் போட்டார். 'என் மனைவிக்குக் கர்த்தர் அந்நிய பாஷையின் வரத்தைத் தந்தார். துதி கன மகிமை அவருக்கே' என்று கீழே தட்டினார். ஆமென்கள் மழையாகக் கொட்டின. பாஸ்டர் லோகன், 'இன்று சிஸ்டர் மேடையில் சாட்சி சொல்லட்டும்' என்று எழுதினார். கமலநாதன் மீதி முகத்தை வழித்துவிட்டு வந்து, மேடைக்கு ஏற்றதாக அவளுடைய நல்ல பட்டுப்புடவை ஒன்றை எடுத்து, ஒரு மடிப்பு விடாமல் இஸ்திரி போட்டார். பாடிக்கொண்டேதான் போட்டார்.

போன் அடித்தது. சிந்துஜா. சபையில் கீபோர்ட் வாசிக்கும் பெண். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"பிரைஸ் த லார்ட் மா! கேட்டியாம்மா, ஆன்டிக்கு..."

"அங்கிள், கேட்டேன். ஆன்டி எங்க? வீடியோ போடுங்க."

"இப்ப வேணாம்மா. ஆவியில இருக்காங்க, தொந்தரவு பண்ணக்கூடாது."

"அங்கிள், ப்ளீஸ். போடுங்க. ஆன்டிய சிரிக்கச் சொல்லுங்க."

"சிரிக்கவா?"

"சொல்லுங்க அங்கிள்!"

அந்தப் பெண் இப்படி அதட்டி அவர் கேட்டதில்லை. போனைப் பிடித்துக்கொண்டு, "புஷ்பா, சிரி" என்றார். புஷ்பவல்லியின் வாய் இடது பக்கம் விரிந்தது. வலது பக்கம் தொங்கியபடியே இருந்தது.

"ரெண்டு கையும் தூக்கச் சொல்லுங்க."

"அப்போதிலேர்ந்து தூக்கிட்டுத்தான்மா இருக்கேன்."

"நீங்க இல்ல அங்கிள். ஆன்டி!"

இடது கை எழுந்தது. வலது கை, யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்போல், தரையிலேயே கிடந்தது.

சிந்துஜா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஸ்ட்ரோக் என்றாள். ஆம்புலன்ஸுக்குத் தானே போன் அடிப்பதாகச் சொன்னாள், கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள், தண்ணீர்கூட வாயில் ஊற்றவேண்டாம் என்றாள். கமலநாதன் தலையை ஆட்டினார். இதே முகத்தை இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? இந்த வாய் எப்போது கோணியது? பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கோணல் தெரியவில்லை. கர்த்தர்தான் தெரிந்தார்.

ஆம்புலன்ஸில் அவர் சட்டைப் பையில் போன் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஆமென். ஆமென். அல்லேலூயா. ஆமென்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சின்ன வயசு மலாய் டாக்டரம்மா ஒருத்தி ஓடி வந்தாள். சிந்துஜா அதற்குள் அங்கே வந்து நின்றிருந்தாள். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி.

"அங்கிள், வாட் டைம் ஸ்டார்ட்?"

'இப்பத்தான்' என்ற சொல் கமலநாதனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இப்பத்தான் டாக்டர், விழுந்தாள், உடனே தூக்கிக்கொண்டு வந்தேன். எந்தப் புருஷனும் அப்படித்தான் சொல்ல ஆசைப்படுவான். சிந்துஜா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், ரத்தக் கட்டைக் கரைக்க ஊசி இருக்கு. ஆரம்பிச்ச நேரத்துலேர்ந்து சில மணி நேரத்துக்குள்ளதான் போடலாம். தப்பா சொன்னீங்கன்னா அதே ஊசி மூளையில ரத்தம் கசிய வச்சிரும். கரெக்டா சொல்லுங்க."

கமலநாதன் போனை எடுத்து, க்ரூப்பைத் திறந்து, அந்தக் குரல் பதிவை அழுத்தினார். பதிவான நேரம் அதிலேயே இருந்தது. டாக்டர் குனிந்து கேட்டாள். அந்தப் பளிச்சென்ற வெளிச்சத்தில் புஷ்பவல்லியின் குளறல் கேட்டது. அதற்கு மேலே, அதை அமுக்கிக்கொண்டு, ஓர் ஆண் குரல் ராகம் போட்டுப் பாடியது.

"ஹூ இஸ் சிங்கிங்?"

"மீ, டாக்டர். திஸ் ஒன் ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு பாட்டு முன்னாடி."

சிந்துஜா அதை டாக்டருக்குச் சொன்னாள். இரண்டு பாட்டு என்றால் எத்தனை நிமிஷம் என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னதைக் கமலநாதன் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அவரைத் திட்டவில்லை. ஒரு வினாடி பார்த்துவிட்டு, "ஓக்கே அங்கிள், ஸ்டில் கேன்", ஊசி போட இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரோடு ஓடினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உயிர் பிழைப்பாளா என்று தெரியவில்லை. பிழைத்தாலும் பேசுவாளா தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து க்ரூப்பில் பவுனம்மாளின் நீண்ட செய்தி ஒன்று வந்து விழுந்தது. பவுனம்மாளுக்குப் பாஷைக்கு அர்த்தம் சொல்லும் வரம் உண்டு. யாராவது அந்நிய பாஷையில் பேசினால், கர்த்தர் என்ன சொல்கிறார் என்று தமிழில் எடுத்துச் சொல்வது அவர்தான். புஷ்பவல்லியின் பதிவைக் கண்ணீரோடு மூன்று தரம் கேட்டாராம். 'காபிலீகா' என்பது எபிரேயமாம், வாசல் என்று அர்த்தமாம். கிள்ளானிலே தேவன் ஒரு பெரிய வாசலைத் திறக்கப்போகிறார், சபைக்குச் சொந்தக் கட்டடம் வரப்போகிறது. எபிரேயம் தெரிந்த ஆத்துமா ஒன்றுகூட அந்த க்ரூப்பில் இல்லாததால் அர்த்தம் தடையில்லாமல் பரவியது. பக்கத்து ஊரான ஜெஞ்சாரோமின் ஜெபவீட்டில் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்களாம். டெங்கிலிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், 'சிஸ்டரை எங்கள் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்' என்று எழுதியிருந்தார்.

கமலநாதன் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். தன் பெண்டாட்டி உயிருக்குப் போராடிக் குளறியதை இத்தனை ஊர் கேட்டுக் கை தட்டுகிறது. தட்டச் சொன்னவன் யார்? பவுனம்மாள்மேல் கோபப்பட முயன்று பார்த்தார், முடியவில்லை. அந்த அம்மாள் பதிவைத்தான் கேட்டார். இவர் ஆளையே எதிரில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்திருக்கிறார்.

போனைத் திருப்பி எழுதினார். 'அது பாஷை இல்லை. ஸ்ட்ரோக். நான் தவறாகப் புரிந்துகொண்டேன்.'

க்ரூப் அடங்கிப்போயிற்று. ஓர் ஆமென்கூட வரவில்லை.

பாஸ்டர் லோகன் ஆராதனையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனுஷன். ஒரு வார்த்தை குறை சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, "நீங்க ஆரம்பிங்க பிரதர், நான் சேர்ந்துக்கறேன்" என்றார். வழக்கம் அதுதான். சாவு வீடானாலும் புது வீடானாலும் மூப்பர் கமலநாதன் ஆரம்பித்தால் பந்தியில் சோறு ஆறிப்போகும்வரை ஜெபம் ஓடும். அன்று அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"வரலை பாஸ்டர்."

"பரவால்ல. மனசுல சொல்லுங்க."

"மனசுலயும் வரலை."

இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தள்ளுவண்டிகள் போயின, வந்தன. புஷ்பவல்லி சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தேடிப் போன மௌனம் இது இல்லை என்று கமலநாதனுக்குத் தெரிந்தது. அவளுடைய மௌனத்துக்குள் யாரோ வருவதற்கு இடம் இருந்தது. இது கன்னத்தில் அறை வாங்கியவனின் மௌனம். ஆனாலும் பேசி நிரப்ப அவருக்குத் துணிவில்லை. மூச்சு மட்டும் போய் வந்தது. இழுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. விடும்போது, அவர் கேட்காமலே, 'இரங்கும்' என்று வந்தது.

ஊசி வேலை செய்தது. புஷ்பவல்லி பிழைத்தாள். வாய்க் கோணல் மெல்லக் குறைந்தது. வலது கை மட்டும் பிடிவாதமாக அசையாமல் கிடந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்து படம் காட்டிப் பெயர் கேட்டாள். முதலில் 'தண்ணி' வந்தது, பிறகு 'வீடு', பிறகு 'வேணாம்'. ஒரு வாரம் போனதும் சொற்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரத் தொடங்கின. கமலநாதன் ஒரு நாளும் தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசமாட்டார். அவள் ஒரு சொல்லைத் தேடும்போது எடுத்துக் கொடுக்கலாம் என்று நாக்கு துறுதுறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவள் சொல்லியிருப்பாள். அவர்தான் கேட்டிருக்கமாட்டார்.

ஒரு மத்தியானம் வார்டில் கூட்டம் குறைந்திருந்தது. கேட்டுவிடவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கேட்காமல் விட்டால் மிச்ச நாளெல்லாம் அந்தக் குரல் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று பயமாகவும் இருந்தது.

"புஷ்பா. அன்னிக்கி... நாற்காலியில... ஏதோ சொன்னியே. ஞாபகம் இருக்கா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். தலையசைத்தாள்.

"வெறும் சத்தமா? இல்ல, ஏதாச்சும் சொல்ல வந்தியா?"

"சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நல்லா... சொன்னேன். எனக்கு... நல்லாத்தான்... கேட்டுச்சு."

"என்னா சொன்ன?"

உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன. அவர் முன்னால் குனிந்தார். எடுத்துக் கொடுக்கவில்லை. அவளுக்கு வியர்த்தது. துடைத்துவிடக்கூடக் கை போகாமல் காத்திருந்தார்.

"கையப் பிடிங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. இப்போது கேட்கிறாள் என்று நினைத்தார்.

"அதான்... சொன்னேன்," என்றாள் புஷ்பவல்லி. "கையக் காணோம்... மாதிரி இருந்திச்சு. பயம். கையப் பிடிங்க, கையப் பிடிங்க... அதையே." அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிற குரல். "நீங்க... உங்க ரெண்டு கையையும்... மேல தூக்கிட்டீங்க."

கமலநாதன் போர்வைமேல் கிடந்த அவளுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டார். அது திரும்பப் பிடிக்கவில்லை.